ஒரு காகிதச் சுருளும் உலகத்துக் கட்டடங்களும்

ஒரு கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்டால், 'எந்த நிலநடுக்கத்தை?' என்று அவர் திருப்பிக் கேட்பார். கேள்வியைத் தட்டிக் கழிக்கும் சாமர்த்தியமாக இது நமக்குத் தோன்றக்கூடும். ஆனால் அவருடைய துறையின் நூறாண்டு வரலாறு முழுவதும் அந்தத் திருப்பிக் கேட்டலுக்குள் அடங்கியிருக்கிறது. கணினிக்குள் கட்டடத்தின் மாதிரி ஒன்றை எழுப்பி, எங்கோ ஓர் ஊரில் என்றோ ஒரு நாள் நிலம் உண்மையாகவே ஆடிய ஆட்டத்தை அதன் அடியில் செலுத்திப் பார்ப்பது இன்றைய வழக்கம். அந்த ஆட்டத்தின் பதிவுக்கு நில அசைவுப் பதிவு என்று பெயர். ஒரு பதிவைச் செலுத்தினால் நிற்கும் கட்டடம், மற்றொன்றைச் செலுத்தினால் விழுந்துவிடும். ஆகவே பதிவைத் தேர்வதே பாதித் தீர்ப்பு எழுதுவதாகிவிடுகிறது.

இலக்கியம் பயில்வோருக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். எந்தச் சுவடி கரையானுக்குத் தப்பியதோ அதை வைத்தே பழைய காலத்தைப் பேசிவந்தவர்கள் நாம். கிடைத்த ஒற்றைச் சுவடியையே மூலமாகக் கொள்வதும், வேறு படிகள் கிடைத்தபின் பாடபேதங்களைக் கண்டு திகைப்பதும் நமக்குப் புதிதல்ல. நில அசைவுப் பதிவுகளின் வரலாறும் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான். வேறுபாடு ஒன்று உண்டு: அங்கே பாடம் தவறினால் மனிதர் உறங்கும் வீட்டின் கூரை இறங்கிவிடும்.

1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோ குலுங்கியபோது, நகரத்தின் நிலம் எவ்வாறு அசைந்தது என்பதைப் பொறியாளர் பயன்படுத்தத்தக்க வகையில் எழுதிவைத்த கருவி ஏதும் அங்கில்லை. நிலநடுக்கக் கருவிகள் அக்காலத்திலும் இருந்தன. அவை தொலைதூர நடுக்கங்களின் மெல்லிய சிலிர்ப்பைப் பெருக்கிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அருகிலேயே பூமி அதிர்ந்தால் அவற்றின் முள் எல்லை கடந்து தாளை விட்டே வெளியேறிவிடும். மென்குரலைக் கேட்கச் செய்த காது பேரிடி விழுந்தால் செவிடாகிவிடுவதைப் போன்றது இது. 1923 செப்டம்பர் 1 அன்று ஜப்பானின் கான்டோ சமவெளியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நடுக்கத்துக்குப் பிறகே, வலுவான அசைவை எழுதும் கருவி வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

இவ்விடத்தில் இருவரை நினைவுகூர வேண்டும். ஒருவர் டோக்கியோவின் நிலநடுக்க ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநராக இருந்த கியோஜி சுயேஹிரோ. கப்பற்கட்டுமானம் பயின்று நிலநடுக்கத்துக்கு வந்தவர். மற்றவர் ஜான் ரிப்லி ஃப்ரீமன் என்னும் அமெரிக்கர், பொறியாளர், தீக்காப்பீட்டு நிறுவனங்களை நடத்தியவர். காப்பீட்டுக்காரருக்கு உணர்ச்சியைவிட எண் முக்கியம். ஒரு கட்டடம் இடியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முனைந்த ஃப்ரீமன், கட்டடத்தின் அடியில் நிலம் எவ்வளவு ஆடுகிறது என்பதையே எவரும் அளந்ததில்லை என்று கண்டு வியந்தார். 1929-இல் டோக்கியோவில் சுயேஹிரோவைச் சந்தித்தார். 1931-இல் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப் பல்கலைக்கழகங்களில் பேசவைத்தார். அரசின் கடற்கரை மற்றும் நில அளவைத் துறையை விடாமல் வற்புறுத்தினார். 1932-இல் கலிஃபோர்னியாவில் முதல் கருவிகள் பொருத்தப்பட்டன. அதே ஆண்டில் இருவரும் காலமாயினர். கருவிகள் முதன்முதலாகத் தாளில் எழுதியதைப் பார்க்க இருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்த ஆண்டே, 1933 மார்ச் 10 அன்று மாலை, லாங் பீச் நகரம் ஆடியது. ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். பள்ளிக்கூடக் கட்டடங்கள் பல நொறுங்கின. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பியிருந்தனர் என்பது மட்டுமே ஆறுதல். ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான ஃபீல்டு சட்டம் நிறைவேறியது. பேரழிவின் நடுவே கருவிகளும் தம் வேலையைச் செய்திருந்தன. உலகின் முதல் வலுவான நில அசைவுப் பதிவுகள் அவையே.

ஆயினும் புகழ் முழுவதும் போய்ச் சேர்ந்தது வேறொரு தாளுக்கு. 1940 மே 18 அன்று இரவு, மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் 6.9 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. எல் சென்ட்ரோ என்னும் சிற்றூரில், பாசன நிர்வாகத்துக்குச் சொந்தமான துணைமின் நிலையம் ஒன்றில் கருவி ஒன்று இருந்தது. அந்நாளைய கருவி இடைவிடாது ஓடுவதன்று. நிலம் ஆடத் தொடங்கியதும் சிறிய ஊசல் ஒன்று அதைத் தட்டி எழுப்பும். பிறகு சிறு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கீற்றுகள், சுழலும் புகைப்படத் தாளில் மூன்று திசைகளின் அசைவையும் கோடுகளாக வரையும். கருவி விழித்தெழுவதற்கு முந்தைய முதற்கணம் எந்தத் தாளிலும் இராது. எல் சென்ட்ரோவின் தாளில், வடக்குத் தெற்காக நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.35 பங்கு வரை எழுந்திருந்தது. கல்லூரிப் பாடநூல்களில் அச்சாகும் அந்த வரைகோட்டின் நீளம் சுமார் அரை நிமிடம்.

பெரிய நடுக்கம் ஒன்று, வெடித்த பிளவுக்கு மிக அருகிலிருந்து பதிவானது அதுவே முதல் முறை. அடுத்த கால் நூற்றாண்டுக்கு அதற்கு ஈடாக வேறொன்று கிடைக்கவில்லை. ஆகவே அது ஒரு நடுக்கம் என்னும் நிலையிலிருந்து நடுக்கத்துக்கே இலக்கணம் என்னும் நிலைக்கு உயர்ந்தது. கலிஃபோர்னியாவின் ஒரு வயல்வெளி ஆடியவிதம், அந்த மண்ணுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஊர்களின் கட்டடங்களுக்கும் சோதனையாயிற்று. இத்தனைக்கும் அந்தத் தாளிலேயே ஒரு கறை உண்டு. கருவி நின்றிருந்தது கனத்த கான்கிரீட் அடித்தளத்தின் மீது. சுற்றிலும் மென்மண். அவ்வளவு பெரிய அடித்தளம் விரைவான சிறு அதிர்வுகளைச் சற்று விழுங்கியிருக்கும் என்று பின்னாளில் சுட்டிக்காட்டினார்கள். நம் மொழியில் சொன்னால், ஏடெழுதியவன் சில எழுத்துகளை விட்டிருக்கிறான்.

பதிவு கிடைத்துவிட்டது, அதை என்ன செய்வது? இதற்கு வழி காட்டியது மோரிஸ் பியோ 1932-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எழுதிய முனைவர் ஆய்வேடு. கருத்து அழகானது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான அலைவுக் காலம் ஒன்றுண்டு, ஊஞ்சலுக்கு இருப்பதைப் போல. குட்டையான கட்டடம் விரைவாகவும், நெட்டையான கட்டடம் மெதுவாகவும் ஆடும். ஒரே நில அசைவுக்கு ஒவ்வோர் அலைவுக் காலமுள்ள கட்டடமும் அதிகபட்சம் எவ்வளவு ஆடும் என்று கணக்கிட்டு வரைந்தால் கிடைப்பது மறுவினை நிறமாலை. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் ஹவுஸ்னர். கையில் இருந்த வலுவான பதிவுகளிலிருந்து 1934, 1940 எல் சென்ட்ரோ, 1949 ஒலிம்பியா, 1952 டாஃப்ட் ஆகிய நான்கை எடுத்து அவற்றின் நிறமாலைகளைச் சராசரி செய்தார். அவ்வளவுதான் இருந்தது, அதைக்கொண்டு செய்தார். அதில் குறை காண்பதற்கில்லை.

அந்தச் சராசரி வரைகோடு வெகுதூரம் பயணம் செய்தது. இந்தியாவின் முதல் நிலநடுக்கக் கட்டுமான விதித்தொகுப்பு 1962-இல் வந்தது. அதன் அடுத்தடுத்த பதிப்புகளில் 1984 வரை நம் கட்டடங்களுக்கு விதிக்கப்பட்ட நிறமாலை, ஹவுஸ்னரின் சராசரியைத் தழுவியதே. அமெரிக்க மேற்குக் கரையின் நான்கு நடுக்கங்கள், கங்கைச் சமவெளியின் வண்டலுக்கும் தக்காணத்தின் கரும்பாறைக்கும் ஒருசேரப் பேசின. ஜப்பானில் உயர்ந்த கட்டடங்களை வடிவமைத்தோர் மூன்று பதிவுகளை நிலையாகக் கொண்டனர்: 1940 எல் சென்ட்ரோ, 1952 டாஃப்ட், தங்கள் நாட்டின் 1968 ஹச்சினோஹே. நிலத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் ஆகும்வரை மூன்றையும் பெருக்கிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர்.

இந்தப் பெருக்கல் சற்று நின்று பார்க்கத்தக்கது. சிறிய நடுக்கத்தின் பதிவை இரண்டால் பெருக்கினால் பெரிய நடுக்கம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. பெரிய நடுக்கத்தில் நீண்ட பிளவு வெடிக்கிறது. ஆட்டம் நெடுநேரம் நீள்கிறது. மெதுவான, நீண்ட அலைகள் மிகுதியாக எழுகின்றன. சிறுவனின் சட்டையை இருமடங்கு பெரிதாக்கினால் பெரியவரின் சட்டை ஆகாது. தோளும் கையும் வேறு விகிதத்தில் வளர்பவை. இதை அறிந்தும் பெருக்கத்தான் செய்தார்கள், இன்றும் ஓரளவு செய்கிறார்கள். தேவையான அளவுக்குக் கடுமையான பதிவுகள் போதிய அளவில் இல்லை என்பதே காரணம்.

1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை அருகே ஏற்பட்ட நடுக்கம், கிடைத்ததையே இலக்கணமாகக் கொண்டவர்களுக்கு விழுந்த முதல் அடிகளுள் ஒன்று. நிலநடுக்கத்துக்குப் பெயர் போகாத பகுதி அது. 103 மீட்டர் உயரமுள்ள அணையைப் புவியீர்ப்பில் 0.05 பங்கு பக்கவாட்டு விசைக்கே வடிவமைத்திருந்தனர். அணையின் உள்வழியிலிருந்த கருவி எழுதிய உச்ச அளவோ சுமார் 0.6 பங்கு. அணையில் விரிசல்கள் ஏற்பட்டன. நல்லவேளையாக அது உடையவில்லை. எல் சென்ட்ரோவின் தாளோடு கொய்னாவின் தாளை வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே மொழி பேசுவதாகவே தோன்றாது. கொய்னாவினுடையது அடர்ந்த, விரைந்த துடிப்பு. இன்று உலகெங்கும் அணைகளை ஆராய்வோரின் கணினி மென்பொருள்களில் மாதிரிக் கணக்காக வைக்கப்படுவது கொய்னாவே. நம் நாட்டுப் பதிவு ஒன்று உலகப் பாடமாகியிருப்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி.

1971 பிப்ரவரி 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோவில் நேர்ந்த நடுக்கம் கணக்கையே மாற்றியது. உயரமான கட்டடங்களில் கருவி வைக்க வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸ் நகரம் முன்பே விதித்திருந்ததால், ஒரே காலையில் 200-க்கும் மேற்பட்ட பதிவுகள் கிடைத்தன. பக்கோய்மா அணையருகே முகட்டில் இருந்த கருவி புவியீர்ப்பையே விஞ்சிய முடுக்கத்தை எழுதியிருந்தது. கருவி பழுதா, மலைமுகடு பெருக்கிக் காட்டியதா என்று நெடுநாள் வாதிட்டார்கள். புதிதாகக் கட்டிமுடித்த ஆலிவ் வியூ மருத்துவமனை பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்ததை மட்டும் எவராலும் வாதிட்டு மறுக்க முடியவில்லை.

எனினும், ஒரு பதிவு எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதைத் தலையில் அடித்துச் சொன்னது மெக்சிகோ நகரம்தான். 1985 செப்டம்பர் 19 அன்று நடுக்கம் தோன்றியது பசிபிக் கரையில், நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தொலைவு வந்த அலை தணிந்துபோயிருக்க வேண்டும். நகரின் ஓரத்தில் கெட்டியான தரையில் அமைந்த பல்கலைக்கழக வளாகத்தில் தணிந்துதான் இருந்தது. அங்கே பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 0.04 பங்கைத் தாண்டவில்லை. நகரின் மையமோ பழைய தெஸ்கோகோ ஏரியின் படுகை. நீர் ஊறிய களிமண், கிண்ணத்தில் வைத்த கூழைப் போன்றது. தகவல் தொடர்பு, போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இருந்த கருவி அங்கே எழுதியது 0.17 பங்கு, ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஓர் ஆட்டமாக, நிதானமாக, மீண்டும் மீண்டும். எல் சென்ட்ரோவின் உச்சத்தில் இது பாதிதான். உச்ச அளவை மட்டும் பார்த்துப் பதிவைத் தேர்பவர் இதை எளியதென்று ஒதுக்கியிருப்பார். ஆனால் அந்த இரண்டு விநாடி ஆட்டம் இடைத்தர உயரமுள்ள கட்டடங்களின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போயிற்று. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதைப் போல ஒவ்வோர் அலையும் அவற்றைத் தள்ளியது. ஆறு முதல் பதினைந்து மாடிவரை உள்ளவையே மிகுதியாக விழுந்தன. குட்டையான பழைய வீடுகள் பலவும் மிக உயர்ந்த கோபுரங்கள் சிலவும் நடுவே நின்றன. மாண்டோர் பல்லாயிரவர்.

மெக்சிகோவின் அந்தப் பதிவில்லாமல் எல் சென்ட்ரோவை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால், விழுந்த கட்டடங்களுள் எத்தனையோ தேர்ச்சி பெற்றிருக்கும். தவறு கணக்கில் இராது; தேர்ந்தெடுத்த தாளில் இருக்கும். நிலநடுக்கத்துக்கு முகவரி உண்டு என்பதைப் பொறியாளர்கள் இங்கே கற்றார்கள். எவ்வளவு பெரிய நடுக்கம், எவ்வளவு தொலைவில், எவ்வகை மண்ணில் என்ற மூன்றையும் கேளாமல் பதிவைத் தொடலாகாது. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜும், சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் கோபேயும் ஆடியபோது நான்காவது கேள்வி ஒன்றும் சேர்ந்தது. பிளவு எந்தத் திசை நோக்கி வெடித்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் உள்ள ஊரை, அலைகள் ஒன்றுதிரண்டு ஒரே பெரும் உந்தலாக மோதும். கோபேயைச் சுற்றி 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

1999-இல் தைவானின் சி-சி நடுக்கம் ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட பதிவுகளைத் தந்தது. பஞ்சம் போய் வெள்ளம் வந்தது. பெர்க்லியில் உள்ள ஆய்வு மையம் தொகுத்த பெருந்தொகுப்பில் 21,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இதனால் சிக்கல் தீர்ந்ததா? அதன் முகம்தான் மாறியது. ஒன்றே இருந்தபோது அதை எடுத்தார்கள். ஆயிரம் இருக்கும்போது எந்த ஏழு?

அமெரிக்க விதித்தொகுப்பு நெடுங்காலம் ஒரு வழி வைத்திருந்தது. மூன்று பதிவுகளைக்கொண்டு சோதித்தால் அவற்றுள் மிகக் கடுமையான விளைவை ஏற்க வேண்டும். ஏழு கொண்டு சோதித்தால் சராசரியை ஏற்கலாம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஆயிரம் பதிவுகளுக்குள் தேடி, கட்டடத்தின் இயல்பான ஆட்டத்துக்கு நோவு தராத சாதுவான ஏழைப் பொறுக்கியெடுப்பது கடினமான வேலையன்று. வேண்டுமென்றே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. செலவைக் குறைக்க விரும்பும் கண், சாதுவானதையே தானாகக் கண்டெடுக்கும். தொகுத்தவன் யார், தொகுப்பித்தவன் யார் என்று நம் தொகைநூல்களுக்கு எழுதிவைத்த மரபு இங்கேயும் இருந்தால் நன்று என நமக்குத் தோன்றியதுண்டு.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் ஒன்று இருந்தது. ஆலின் கார்னெல் 1968-இல் வகுத்த முறைப்படி, ஓர் இடத்தில் வரக்கூடிய எல்லா நடுக்கங்களையும் அவற்றின் வாய்ப்போடு கூட்டி, ஒவ்வோர் அலைவுக் காலத்துக்கும் அஞ்சத்தக்க அளவைக் கணக்கிடலாம். அவற்றை இணைத்தால் ஒரு நிறமாலை வரும். பதிவுகளை அந்த நிறமாலைக்குப் பொருந்தும்படி தேர்வது வழக்கமாயிற்று. 2006-இல் ஜாக் பேக்கரும் கார்னெலும் இதில் உள்ள இடர்ப்பாட்டைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்த நிறமாலை எந்த ஒரு நடுக்கத்துக்கும் உரியதன்று. அருகில் வரும் சிறு நடுக்கத்தின் விரைவான துடிப்பும், தொலைவில் வரும் பெருநடுக்கத்தின் நீண்ட அலையும் அதில் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்கின்றன. பத்துப் புலவர்களின் சிறந்த அடிகளை ஒட்டவைத்து ஒருவர் பாடிய பாட்டு என்று நீட்டுவதைப் போன்றது இது. அப்படியொரு பாட்டை எவரும் பாடியதில்லை. மெய்யான நடுக்கம் ஓர் அலைவுக் காலத்தில் வழக்கத்தை மீறிக் கடுமையாக இருந்தால், மற்றவற்றிலும் அதே அளவு மீறியிருப்பது அரிது. இந்த இயல்பைக் கணக்கில் கொண்டு பதிவுகளைத் தேரும் வழியை அவர்கள் வகுத்தார்கள்.

2009-இல் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமை வெளியிட்ட முறையில் 22 இணைப் பதிவுகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. எந்த ஒரு நடுக்கத்திலிருந்தும் இரண்டுக்கு மேல் எடுக்கவில்லை. 1971 முதல் 1999 வரையான நடுக்கங்கள் அதில் உள்ளன. எல் சென்ட்ரோ அருகே 1979-இல் நேர்ந்த நடுக்கத்தின் பதிவும் உண்டு. 1940-இன் தாள் இல்லை.

2016-ஆம் ஆண்டு அமெரிக்க விதித்தொகுப்பு, ஏழு போதாது, குறைந்தது 11 பதிவுகள் வேண்டும் என்றது. அதில் ஒரு வரி நம்மை நெடுநேரம் நிறுத்தியது. சாதாரணக் கட்டடமாயின், 11 சோதனைகளுள் ஒன்றில் ஏற்கத்தகாத விளைவு நேரலாம், அதாவது கணக்கில் கட்டடம் சரியலாம். சில நிபந்தனைகளுடன் அதற்கு இசைவு உண்டு. மருத்துவமனை போன்றவற்றுக்கு அந்த இசைவு இல்லை. எத்தனை பேர் உயிரை எந்த வாய்ப்புக்கு விடலாம் என்னும் கேள்விக்கு ஒரு சமூகம் எண்ணில் எழுதிய விடை அது. அந்தப் பதினொன்றை யார் தேர்ந்தார் என்பதற்கு இதனால் கூடும் கனம் கொஞ்சமல்ல.

இவையெல்லாம் பதிவு இருக்கும் ஊர்களின் கதை. 2001 ஜனவரி 26 அன்று காலை, குடியரசு நாள் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில் குஜராத்தின் கட்ச் பகுதி ஆடியது. அளவு 7.7. 13,800-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் மட்டும் மாடிக் கட்டடங்கள் பல சரிந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமக்குக் கிடைத்த முக்கியமான முடுக்கப் பதிவும் அகமதாபாத்தினுடையதே. அங்கே கடவுச்சீட்டு அலுவலகக் கட்டடத்தில் இருந்த கருவி எழுதியது, உச்சம் புவியீர்ப்பில் 0.11 பங்கு. ஆகவே அகமதாபாத்தின் கட்டடங்களை ஆராய்பவருக்கு அந்நகரின் சொந்தத் தாள் இருக்கிறது. பூஜுக்கும் பசாவுக்கும் அஞ்சாருக்கும் அது இல்லை. அவ்வூர்க் கட்டடங்களை ஆராய வேறு நாட்டு நடுக்கங்களைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

கட்ச் பகுதியில் ரூர்க்கி பல்கலைக்கழகத்தார் வைத்திருந்த எளிய கருவிகள் சில மட்டும் இருந்தன. மின்சாரமோ கடிகாரமோ வேண்டாத கருவிகள். வெவ்வேறு அலைவுக் காலம் கொண்ட ஊசல்கள், புகை பூசிய கண்ணாடித் தகட்டில் முள்ளால் கீறும். அக்கீறலின் நீளத்தை அளந்து, ஒவ்வோர் ஊசலும் அதிகபட்சம் எவ்வளவு ஆடியது என்று சொல்லலாம். எந்த நொடியில் ஆடியது, எத்தனை முறை ஆடியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்குக் கண்ணாடியில் குறிப்பில்லை.